உள்தொடைத் தசை ‘செத்துப் போய்விட்டதா’?

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 47 வயது வாசகி எழுதியிருக்கிறார். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எட்டு மாதமாக வலது முட்டியில் வலி. மாடிப்படி ஏறும்போது பொறுத்துக்கொள்ள முடிகிறது, இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்கிறார். வகுப்பறை இரண்டாவது மாடியில். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கியாக வேண்டும். பேப்பர் திருத்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து எட்டுக்குக் கால் பிடித்துக்கொள்கிறது. காலையில் பத்து நிமிடம் விறைப்பு. சில நாள் சாயங்காலம் முட்டி லேசாக உப்பினாற்போல் இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் ‘ஆரம்பத் தேய்மானம்’ என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு பிசியோதெரபி மையத்தில் 20 நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டி, ஒத்தடமும் கரண்ட் வைத்தியமும் எடுத்துக்கொண்டார். அங்கே இரண்டு பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று, மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடியே மேலே தூக்குவது. இரண்டாவது, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, கணுக்காலில் இரண்டு கிலோ மணல் பையைக் கட்டி, கடைசிக் கொஞ்ச தூரத்தை மட்டும் நீட்டுவது. வீடியோ பார்த்து மூன்றாவதாக ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டார்: முட்டிகளுக்கு நடுவே பந்தை வைத்து அமுக்குவது, தினமும் 200 முறை.

அவருடைய அக்கா மகன் பிசியோதெரபி படிக்கிறான். தசையின் மின் ஓட்டத்தை அளக்கும் ஈ.எம்.ஜி கருவியைக் கல்லூரியில் காட்டுகிறேன் என்று அழைத்துப் போய், தொடையின் உள்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என்று ஸ்டிக்கர் ஒட்டிக் காலைத் தூக்கச் சொன்னான். திரையில் நடுத்தசை 140 மைக்ரோவோல்ட், உள்தசை 60. “சித்தி, இந்த மசில் சரியா ஃபயர் ஆகலை” என்று அவன் சொன்னதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. டேப்பை எடுத்து அளந்தால் வலது தொடை ஒன்றரை சென்டிமீட்டர் இளைத்திருக்கிறது. உள்தொடைத் தசை செத்துப் போய்விட்டதா? எந்தப் பயிற்சியில் எண் அதிகம் வரும், அதை மட்டும் செய்கிறேன். படி ஏறினால் இருக்கிற எலும்பும் தேய்ந்துவிடாதா? சக ஆசிரியை சொல்கிற ‘ஜெல் ஊசி’ போட்டுக்கொள்ளலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள டீச்சர்,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு வருகிறேன். தசை சாகவில்லை. செத்த தசையிலிருந்து 60 என்ன, 6 கூட வராது. தசைக்குள் போகும் நரம்பு வேலை செய்கிறது, தசையும் அதற்குப் பதில் சொல்கிறது என்பதுதான் அந்தத் திரை காட்டியது. உங்கள் அக்கா மகன் ஆர்வத்தோடுதான் காட்டியிருக்கிறான், அவனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது தவறு. அது ஏன் என்று உங்களுக்குப் புரியவைத்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

60-ஐயும் 140-ஐயும் ஏன் ஒப்பிடக் கூடாது

ஒரு மாணவி 50 மதிப்பெண் தாளில் 40 வாங்குகிறாள். இன்னொருத்தி 200 மதிப்பெண் தாளில் 90 வாங்குகிறாள். 90 பெரிது என்று நீங்கள் ரேங்க் போடுவீர்களா? ஸ்டிக்கரில் வரும் மைக்ரோவோல்ட்டும் அப்படித்தான். தோலுக்கும் தசைக்கும் நடுவே எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, ஸ்டிக்கர் எந்த இடத்தில் எந்தத் திசையில் ஒட்டப்பட்டது, பக்கத்துத் தசையின் ஓட்டம் எவ்வளவு கலந்தது என்பதைப் பொறுத்து எண் மாறும். அதனால் முறையாக அளப்பவர்கள் ஒவ்வொரு தசையையும் முதலில் முழுப் பலத்தோடு இறுக்கச் சொல்லி, அந்த அளவை நூறு என்று வைத்துக்கொள்வார்கள். பிறகு பயிற்சியின்போது வருவதை அதன் சதவீதமாகச் சொல்வார்கள். மொத்த மதிப்பெண் தெரியாமல் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். முட்டி வலிக்கும்போது முழுப் பலத்தோடு இறுக்கவும் முடியாது என்பதால் அந்த நூறே சில சமயம் சரியாகக் கிடைக்காது.

அடுத்தது, அவன் உங்களைச் செய்யச் சொன்ன பயிற்சி. தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் ஒன்றாகச் சேர்ந்து, முட்டிச் சில்லைப் பிடித்து, அதன் வழியாகக் முட்டிக்குக் கீழே உள்ள முன்னங்கால் எலும்பில் போய் இணைகின்றன. இந்த நான்கையும் சேர்த்துத்தான் குவாட்ரிசெப்ஸ் என்கிறோம். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, ஆழத்தில் ஒன்று. மேலே நடுவில் ஓடும் நான்காவது மட்டும் இடுப்பு எலும்பிலிருந்து கிளம்புகிறது. மற்ற மூன்றுக்கும் முட்டியை நீட்டுவது ஒன்றுதான் வேலை. நடுத்தசைக்கு இடுப்பை மடக்கும் வேலையும் உண்டு. காலை நீட்டியபடி மேலே தூக்கினால் மடங்குவது இடுப்புதானே? அங்கே நடுத்தசை அதிகம் வேலை செய்வது இயற்கை. 1983-இல் சோடர்பெர்க், குக் என்ற இருவர் இதையே அளந்து பார்த்தார்கள். கால் தூக்கும்போது நடுத்தசையில் மின் ஓட்டம் அதிகம். கீழே வைத்தபடியே முட்டியை நீட்டி இறுக்கும்போது உள்தசையில் அதிகம். உங்களிடம் அன்று நாளெல்லாம் கால் தூக்கச் சொல்லியிருந்தாலும் நடுத்தசைதான் ஜெயித்திருக்கும், இடது காலிலும்!

உங்களைப் போன்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது. அதே எடையை அதே வேகத்தில் பதினைந்தாவது முறை தூக்கும்போது எண் ஏறும். தசை களைத்துப்போய், அதே வேலைக்கு அதிக நார்களைத் துணைக்குக் கூப்பிடுகிறது என்று அதற்கு அர்த்தம். அப்புறம், எடையைத் தாங்கி மெதுவாக இறக்கும்போது எண் இறங்கும். தூக்கும்போது தேவைப்படுகிற அளவு மின் ஓட்டம் அதே எடையை இறக்கத் தேவையில்லை. படி இறங்கும்போது உங்கள் தொடை செய்வது இந்த வேலையைத்தான். எண் சிறியதாக இருப்பதால் முட்டிக்கு வேலை குறைவு என்று நினைத்தால் தப்புக் கணக்காகிவிடும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, தொடை பலம் பெற்ற பிறகு அதே படியை ஏற முன்பைவிடக் குறைந்த மின் ஓட்டமே போதும். மூன்று மாதம் கழித்து அதே ஸ்டிக்கரை ஒட்டி அதே படியில் ஏறச் சொன்னால் எண் குறைய வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுவேன். நீங்களோ எண்ணைக் கூட்டும் பயிற்சி எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உள்தசையை மட்டும் தனியாக வளர்க்க முடியுமா?

முட்டியைக் கடைசியாக நீட்டி முடிப்பது உள்தசை, அதனால் கடைசி முப்பது டிகிரியில் பயிற்சி செய்தால் அது மட்டும் வளரும் என்ற நம்பிக்கை எங்கள் பிசியோதெரபி தொழிலிலேயே வெகுகாலம் இருந்தது. நானும் படிக்கும்போது அப்படித்தான் படித்தேன். வேலைக்கு வந்த முதல் சில வருடம் பந்தை அமுக்கச் சொல்லிப் பலரை அனுப்பியிருக்கிறேன். அந்த நம்பிக்கை ஆட்டம் காணத் தொடங்கியது 1968-இல். அமெரிக்காவில் லீப், பெர்ரி என்ற இரு மருத்துவர்கள், நோயின் காரணமாக வெட்டி எடுக்கப்பட்ட கால்களில் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்தார்கள். உள்தசையின் சாய்வான கீழ்ப்பகுதியை மட்டும் எவ்வளவு இழுத்தாலும் முட்டி நீளவில்லை. முட்டிச் சில்லு வெளிப்பக்கம் ஓடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை என்று முடிவுக்கு வந்தார்கள். கடைசி 15 டிகிரியை நீட்டி முடிக்க மொத்தத் தசைக்கும் சுமார் 60 சதவீதம் கூடுதல் விசை தேவைப்படுகிறது என்பதும் அப்போது தெரிந்தது. ஆக, முட்டி கடைசி வரை நீளவில்லை என்றால் நான்கு தசைகளும் சேர்ந்து பலம் குறைந்திருக்கின்றன என்று பொருள். உள்தசை தோலுக்கு அடியிலேயே, மெல்லிய உறைக்குள் இருப்பதால் அதன் இளைப்பு கண்ணில் முதலில் படுகிறது, அவ்வளவுதான்.

பந்து அமுக்கினால் உள்தசை மட்டும் கூடுதலாக வேலை செய்கிறது என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களாலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் தினமும் 200 முறை அமுக்கும் அந்த அரை மணி நேரம் உங்களுக்கு வேறு பயிற்சிக்கு வேண்டும். இன்றோடு பந்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

தொடையை அடக்கி வைப்பது யார்?

உள்தசையில் ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது. சாயங்காலம் முட்டி உப்புகிறது என்ற வரி.

முட்டிக்குள் நீர் சேர்ந்தால், தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை உடம்பு தானாகவே குறைத்துவிடும். 1984-இல் ஸ்பென்சர் குழுவினர் நலமான ஆட்களின் முட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீரைச் செலுத்தி, தொடைத் தசையின் அனிச்சைத் துலங்கலை அளந்தார்கள். 20 முதல் 30 மில்லி நீர் சேர்ந்ததுமே உள்தசை அடங்க ஆரம்பித்தது. வெளித்தசையும் நடுத்தசையும் அடங்க 50, 60 மில்லி வேண்டியிருந்தது. இருமல் மருந்து மூடியில் இரண்டு மூன்று மூடி அளவுதான் அந்த 20, 30 மில்லி. அவர்களுக்கு வலிகூட இல்லை, தேய்மானமும் இல்லை. நீர் மட்டுமே போதுமானதாக இருந்தது. வலியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். படி இறங்கும்போது கால் திடீரென்று விட்டுவிடுவது போல் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலை நீட்டித் தளர்வாக உட்காருங்கள். முட்டிச் சில்லுக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை நீவி விடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு முறை நீவுங்கள். நீவும்போது உள்பக்கப் பள்ளம் மெல்ல எழும்பி நிறைந்தால் உள்ளே நீர் இருக்கிறது. இடது முட்டியிலும் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். பயிற்சிக்கு முன்னும் மறுநாள் காலையும் பார்த்து வையுங்கள். எவ்வளவு பயிற்சி செய்யலாம் என்று தெரிய வேண்டுமானால் ஈ.எம்.ஜி திரையைவிட இந்தப் பள்ளம் உங்களுக்கு நல்ல வழிகாட்டி.

இங்கே மணல் பைப் பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்த மறுநாள் முட்டி முன்பக்கம் குத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்தோ படுத்தோ, கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டும்போது, கால் நேராக ஆக ஆக எடையின் பிடி கூடுகிறது. அதே நேரத்தில் முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேல் படும் பரப்பு சுருங்குகிறது. கூடுதல் விசை, குறைந்த பரப்பு. அழுத்தம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதம் தரையில் ஊன்றியிருக்கும் பயிற்சிகளில் கதை தலைகீழ். அங்கே நேராக நிற்கும்போது அழுத்தம் குறைவு, ஆழமாக மடக்க மடக்க ஏறும். அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு, எடை கட்டி நீட்டும் பயிற்சியை, முட்டி 90 டிகிரி மடங்கிய நிலையிலிருந்து 45 வரை மட்டும் செய்யச் சொல்கிறோம். நின்று மடக்கும் பயிற்சியை நேராக நிற்பதிலிருந்து 45 டிகிரி வரை. உங்களுக்குக் கொடுத்தது இதற்கு நேர் எதிர்ப் பகுதி. கொடுத்தவர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை, அறுவை சிகிச்சை முடிந்து முட்டி நீளாமல் இருப்பவருக்கு அதே பயிற்சி எடையில்லாமல் நல்ல பயிற்சி. உங்கள் முட்டிக்கு இப்போது அது வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது

முதல் இரண்டு வாரம், முட்டி உப்பும் நாட்களில், தசையை எழுப்பும் வேலை மட்டும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். வலது கை விரல் நான்கையும் முட்டிச் சில்லுக்கு மேலே, கொஞ்சம் உள்பக்கமாக, தொடைமேல் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது துண்டை முட்டியின் பின்புறத்தால் கீழே அழுத்துங்கள். முட்டிச் சில்லு இடுப்பை நோக்கி வழுக்கி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். விரலுக்கு அடியில் முதலில் பழுத்த வாழைப்பழம் போலத்தான் இருக்கும். இடது தொடையில் அதையே செய்து, அங்கே எப்படிக் கல் போல் இறுகுகிறது என்று விரலுக்குக் காட்டுங்கள். திரும்ப வலதுக்கு வாருங்கள். ஆறு வினாடி இறுக்கம், ஆறு வினாடி ஓய்வு, பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்க வேண்டாம், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். பலருக்கு நாலைந்து நாளிலேயே விரலுக்கு வித்தியாசம் தெரிகிறது. நாலைந்து நாளில் தசை வளராது. நரம்பின் கட்டளை திரும்ப வந்து சேர்கிறது, அதைத்தான் விரல் உணர்கிறது.

அதன் பிறகு எடை தாங்கும் பயிற்சிகள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்குங்கள். கை பிடிக்காமல் எழ முடியவில்லை என்றால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்குங்கள். எழுவது சாதாரண வேகத்தில், உட்கார்வது மூன்று எண்ணுவதற்குள் மெதுவாக. பெரும்பாலோர் தெரியாமலே உடம்பை நல்ல கால் பக்கம் சாய்த்து எழுகிறார்கள். யாரையாவது எதிரே நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடி முன் செய்யுங்கள். இடுப்பை அதிகம் முன்னால் வளைத்து எழுந்தாலும் வேலை தொடையிலிருந்து பிட்டத் தசைக்குப் போய்விடும். வலி அதிகமான நாளில் அது ஒரு சலுகை, மற்ற நாளில் நிமிர்ந்து எழுங்கள். எளிதாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் எளிதானால் இடது பாதத்தை ஒரு சாண் முன்னால் தள்ளி வையுங்கள், வலது தொடை கூடுதலாக வேலை செய்யும்.

மூன்றாவது, உங்களை வதைக்கும் படியேதான். ஆனால் பத்து சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம். வீட்டில் நழுவாத மணை இருந்தால் அது போதும். சுவரைப் பிடித்தபடி வலது காலால் அதன்மேல் நின்று, இடது குதிகாலை மெதுவாகத் தரையைத் தொடும் வரை இறக்கி, திரும்ப ஏற வேண்டும். முட்டி உள்பக்கம் விழாமல், பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகப் போக வேண்டும். உள்ளே விழுந்தால் இடுப்பின் பக்கத் தசைக்கும் பயிற்சி தேவை என்று அர்த்தம். ஒருக்களித்துப் படுத்து, மேல் காலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மேலே தூக்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லு வலிக்குத் தொடைப் பயிற்சியோடு இடுப்புப் பயிற்சியும் சேர்த்துச் செய்யச் சொல்லி 2019-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.

மணல் பையை வீசிவிட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, கால் தொங்கிய நிலையிலிருந்து பாதி தூரம் மட்டும் நீட்டி நிறுத்துங்கள், அங்கே அது நல்ல பயிற்சி.

எண்ணிக்கை: ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு முறை நிஜமாகவே கடினமாக இருக்க வேண்டும். 12 முறை சுலபமாக முடிந்தால் உயரத்தையோ எடையையோ கூட்டுங்கள். 200 முறை செய்ய முடிகிற எதுவும் தசைக்குப் பலம் கூட்டும் அளவுக்குக் கனமானது இல்லை, டீச்சர். முதல் ஆறு எட்டு வாரத்தில் வரும் பலம் பெரும்பாலும் நரம்பு வழியாக வருவது. டேப்பில் தொடையின் சுற்றளவு கூடுவதற்கு அதற்கு மேலும் நாளாகும். அதுவரை டேப்பை அலமாரியில் வையுங்கள்.

பயிற்சியின்போது கொஞ்சம் வலி இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை. பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். தொடை முழுக்க மந்தமாக இரண்டு நாள் வலித்தால் அது தசையின் வேலைக் களைப்பு, பயப்படாதீர்கள். முட்டிக்குள்ளேயே வலி கூடினால், அல்லது அந்த உள்பக்கப் பள்ளம் நிறைந்திருந்தால், பயிற்சியை விட்டுவிடாமல் அளவை மட்டும் ஒரு படி குறையுங்கள்.

தேய்மானம், படி, ஊசி, பணம்

தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பு தேய்வது போல ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. நடந்தால் தேயும், படுத்தால் மிஞ்சும் என்று. மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது உள்ளே போய் வெளியே வரும் மூட்டு நீரிலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. அளவான சுமை அதற்குச் சாப்பாடு. எக்ஸ்ரேயில் தெரிகிற மாற்றமும் வலியும் பல பேரிடம் பொருந்திப் போவதில்லை. 45 வயதுக்கு மேல், வேலை செய்யும்போது வலி, காலை விறைப்பு அரை மணிக்குள் என்றால் எக்ஸ்ரே இல்லாமலே நோயைக் கணிக்கலாம் என்கிறது இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். உங்கள் கதை இதற்குள் சரியாக அடங்குகிறது.

அதே வழிகாட்டுதல் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியையும், எடை அதிகமுள்ளவர்களுக்கு எடைக் குறைப்பையும் முன்னால் வைக்கிறது. நீங்கள் கேட்ட ஹையலுரானிக் ஜெல் ஊசியைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அல்ட்ராசவுண்ட், இன்டர்ஃபெரென்ஷியல் கரண்ட் போன்றவற்றுக்கும் போதிய ஆதாரமில்லை என்று விலக்கிவிடுகிறது. நம் ஊரில் சில மருத்துவர்கள் வேறு விதமாக நினைக்கலாம், அவர்களிடம் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பயிற்சியையே சரியாகத் தொடங்காத நிலையில் பல ஆயிரம் ரூபாய் ஊசிக்குக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். பேக்கேஜில் நாள் மீதி இருந்தால் மையத்தில் போய், கரண்ட் வைப்பதற்குப் பதில் அந்த நேரத்தில் பயிற்சியைப் பக்கத்தில் நின்று திருத்திக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். என்ன பயிற்சி, எத்தனை முறை, எப்போது கூட்டுவது என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் புதுப் பேக்கேஜ் கட்ட வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, காசில்லாமல் பார்ப்பார்கள். வீட்டில் மாமியார் முட்டி வலியால் படி தாண்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்க வழியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

படியை அடியோடு நிறுத்த வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். தலைமை ஆசிரியரிடம் பேசி, அடுத்தடுத்த பீரியடுகளை ஒரே மாடியில் அமைத்துக் கேட்கலாம். மூன்று மாதத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள், நிரந்தரமாக வேண்டாம். ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில், கைப்பிடியைப் பிடித்தபடி. வலி குறைந்ததும் கால் மாற்றிக் கால் வைத்து இறங்கப் பழகுங்கள். தரையில் சம்மணம், குத்துக்கால், இந்தியன் டாய்லெட் மூன்றுக்கும் இப்போதைக்கு ஓய்வு.

உங்கள் எடை 76 கிலோ என்றீர்கள். முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஓர் எட்டில் முட்டிமேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைந்தது. நான்கு கிலோ குறைத்தாலே என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் தசையும் சேர்ந்து போய்விடும். காலை இட்லியோடு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேரட்டும்.

இவை இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்

முட்டி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போவது. காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக வீங்குவது. படுத்திருக்கும்போதும் இரவு முழுக்க விடாத வலி. கால் ஊன்றவே முடியாமல் போவது. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. இதில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. வந்தால் காத்திருக்காதீர்கள்.

எனக்கு ஓர் எண் வேண்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியும். இதை அளங்கள்: சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, இரு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டி, 30 வினாடியில் முழுதாக எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். மாமியாரை மொபைலில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை, ஆறாவது வாரம் ஒரு முறை, பன்னிரண்டாவது வாரம் ஒரு முறை. அந்த மூன்று எண்ணையும், அன்றன்றைக்கு உள்பக்கப் பள்ளம் எப்படி இருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பயிற்சியை எங்கே கூட்டுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.